முற்றத்து மழையும் கூடாரத்து மழையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இதழில் பினாங்குச் சுற்றுலா பற்றி எழுதியவர், பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் கூடாரம் அடிப்பதைப் பத்தி பத்தியாக விவரித்துவிட்டு, ஜார்ஜ்டவுன் லீத் தெருவிலுள்ள நீல மாளிகையைச் ‘சிறுவர்களுக்குச் சலிப்பூட்டும்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். சென்ற பள்ளி விடுமுறையில் எட்டு வயதுப் பேரனை இரண்டு இடத்துக்கும் கூட்டிப்போனவன் நான். எனக்கு இதில் உடன்பாடில்லை.

38 அறைகள், 220 சன்னல்கள் என்று வழிகாட்டி அடுக்கியபோது அவனும் கொட்டாவிதான் விட்டான். சுவரின் நீலத்துக்கு வந்ததும் நிமிர்ந்தான். அது டின்னில் வாங்கிய பெயிண்ட் அல்ல. சுண்ணாம்பில் அவுரிச் சாயம் கலந்து பூசியது. சாயம் அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்ததாம். வழிகாட்டி ‘இண்டிகோ’ என்றார், நான் ‘அவுரி’ என்றேன். “பாட்டி தலைக்குப் பூசுகிற பொடியா?” என்று கேட்டவன், யாரும் பார்க்காதபோது சுவரை விரலால் தேய்த்து, விரலை முகர்ந்து பார்த்தான்.

அந்நேரம் பார்த்து மழை. செட்டிநாட்டு வீடுகளில் இருப்பதுபோல் வானம் பார்த்த முற்றம். கருங்கல் தளத்தில் கொட்டிய நீர் சத்தமில்லாமல் வடிந்து போனது. பெரும் வணிகர் சியோங் பாட் சீ கட்டிய அந்த வீடு சிதைந்து கிடந்து, பிறகு சீரமைக்கப்பட்டு, 2000இல் யுனெஸ்கோ விருது பெற்றது என்பதையெல்லாம் அவன் காதில் வாங்கவே இல்லை. வாங்காவிட்டால் என்ன?

மறுநாள் 101ஆம் எண் பஸ்ஸில் தெலுக் பாஹாங். தேசியப் பூங்கா அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரக் காட்டு நடை, பந்தாய் கெராச்சுட் வரை. மேலே நன்னீரும் அடியில் உப்புநீரும் கலக்காமல் நிற்கும் அங்குள்ள ஏரியைப் பற்றித் தங்கள் கட்டுரையாளர் அழகாகவே எழுதியிருந்தார். குறை சொல்ல மாட்டேன்.

இரவில் மழை பிடித்துக்கொண்டது. பாயின் ஓரம் ஈரமானதும் பேரன் எழுந்து உட்கார்ந்தான். “தாத்தா, அந்த வீட்டுக்கு நடுவில் கூரையே இல்லை, நாம் நனையவில்லை. இதற்குக் கூரை இருக்கிறது, நனைகிறோமே?” டார்ச்சை அவன் கையில் கொடுத்துவிட்டு, கூடாரத்தைச் சுற்றி மணலில் வடிகால் தோண்டினேன். முற்றத்து நீர் எங்கே போயிற்று என்று அவனுக்குப் புரிந்தது அப்போதுதான். மாளிகையைப் பார்க்காமல் வந்திருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திருக்காது.

அடுத்த முறை இரண்டையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். அப்படியே குரங்குகளைப் பற்றியும் ஒரு வரி. அது இருந்திருந்தால் எங்கள் காலை ரொட்டி தப்பியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பட்டர்வொர்த்