மைக்ரோசாஃப்டின் திறந்த மூலப் பற்று: சில ஐயங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூலநிரலை யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளும்படி வெளியிடப்படும் திறந்த மூல மென்பொருளை மைக்ரோசாஃப்ட் முழுமனத்துடன் ஏற்றுக்கொண்டுவிட்டது என்ற கருத்தில் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதிலுள்ள தகவல்களில் பிழை இல்லை. அவற்றிலிருந்து கட்டுரையாளர் வந்தடைந்த முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை.

திறந்த மூல இயங்குதளமான லினக்ஸைப் புற்றுநோய் என்று 2001-இல் வர்ணித்தவர் அந்நிறுவனத்தின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர். 'மைக்ரோசாஃப்ட் லினக்ஸை நேசிக்கிறது' என்று 2014-இல் அறிவித்தவர் அவருக்குப் பின் அப்பொறுப்புக்கு வந்த சத்யா நாதெல்லா. இடையில் மனம் மாறியிருக்கலாம். வருமானம் வரும் வழி மாறியதோ ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. விண்டோஸ் விற்பனையை நம்பியிருந்த காலத்தில் போட்டியாக நின்ற லினக்ஸ், இணையம் வழியே கணினித் திறனை வாடகைக்கு விடும் அஸ்யூர் மேகக் கணிமைச் சேவையைத் தொடங்கியபின், வாடிக்கையாளர்கள் கேட்டு வாங்கும் சரக்காகிவிட்டது. வணிக நிறுவனம் வணிகம் பார்ப்பதில் குற்றமில்லை. அந்தக் கணக்கைக் கொள்கை மாற்றம் என்று பாராட்டுவதுதான் பொருந்தவில்லை.

நிரலாளர்கள் அன்றாடம் புழங்கும் விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற நிரல் திருத்தியையே எடுத்துக்கொள்வோம். அதன் மூலநிரல் எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது; யாரும் எடுத்து, மாற்றி, வெளியிடலாம். ஆனால் நிறுவனத்தின் தளத்திலிருந்து நாம் பதிவிறக்கும் செயலிக்கு அந்த உரிமம் பொருந்தாது. பயன்பாட்டுத் தரவைத் திரட்டி அனுப்பும் ஏற்பாட்டோடு, தனியொரு உரிமத்தின்கீழ் அது வருகிறது. அந்த ஏற்பாட்டை விலக்கி, விஎஸ்கோடியம் என்ற பெயரில் தன்னார்வலர்கள் வெளியிடும் பதிப்பை நிறுவியவருக்கு அடுத்த சிக்கல் காத்திருக்கிறது: நீட்சிகள் (திருத்தியோடு சேர்த்துக்கொள்ளும் துணைக்கருவிகள்) கிடைக்கும் மைக்ரோசாஃப்டின் சந்தையை அந்நிறுவனத்தின் தயாரிப்புகளோடு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்கின்றன அச்சந்தையின் விதிமுறைகள். எக்லிப்ஸ் அறக்கட்டளை நடத்தும் மாற்றுச் சந்தை இருக்கிறது. ஆயினும் பைத்தான் மொழியில் நிரல் எழுதுவோர் பெரிதும் நாடும் பைலான்ஸ் நீட்சி, தொலைவிலுள்ள சர்வரில் வேலை செய்ய உதவும் நீட்சி போன்றவை மூடிய உரிமத்தில் இருப்பதால், அவற்றை அங்கே எடுத்துச் செல்ல வழியில்லை. திறந்திருப்பது திருத்தி; அதை நாள்தோறும் பயன்படத்தக்கதாக்கும் துணைக்கருவிகள் மூடியே இருக்கின்றன.

2021 அக்டோபரில் நடந்ததும் நினைவில் கொள்ளத்தக்கது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தாமலேயே திருத்தங்களைப் பார்க்க உதவும் 'ஹாட் ரீலோட்' வசதி, மைக்ரோசாஃப்டின் திறந்த மூல நிரலாக்கத் தளமான டாட்நெட் 6 வெளியாகும் தறுவாயில், அதன் கட்டளைவரிக் கருவியிலிருந்து நீக்கப்பட்டு, மேற்சொன்ன திருத்தியிலிருந்து வேறான, மூடிய மென்பொருளான விஷுவல் ஸ்டூடியோவுக்கு மட்டும் உரியதாக்கப்பட்டது. எதிர்ப்பு பலமாகவே, சில நாள்களில் வசதி திரும்பி வந்தது. சமூகத்தின் வெற்றி என்று பலர் மகிழ்ந்தார்கள். பொதுவில் வளர்க்கப்படும் ஒரு மென்பொருளிலிருந்து எதை எடுப்பது, எதைத் திருப்பித் தருவது என்ற இரண்டு முடிவுகளுமே ஒரு நிறுவனத்தின் உள்ளறையில் எடுக்கப்பட்டன என்பதில் மகிழ என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

எல்லாமே ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் என்று ஒதுக்கிவிடவும் நான் விரும்பவில்லை. லினக்ஸ் உள்ளிட்ட திறந்த மூல மென்பொருள்கள் தன்னுடைய 235 காப்புரிமைகளை மீறுவதாக 2007-இல் மிரட்டிய அதே நிறுவனம், 2018-இல் ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க் கூட்டமைப்பில் சேர்ந்து, ஏறத்தாழ 60,000 காப்புரிமைகளை லினக்ஸைக் காக்கும் அந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இது ஒப்பந்தத்தால் கட்டுண்ட செயல் என்பதால் மதிக்கிறேன். மேடையில் சொல்லும் நேசத்துக்கு அத்தகைய கட்டு எதுவும் கிடையாது. அடுத்து வரும் தலைமை அதைச் சொல்லாமலே விட்டுவிடலாம்.

திறந்த மூலத்துக்கான மாபெரும் சான்றாகக் கட்டுரையாளர் குறிப்பிடும் கிட்ஹப், நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் தளம்; 2018-இல் அதை 750 கோடி டாலருக்கு வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. உலகின் திறந்த மூலத் திட்டங்களில் மிகப் பெரும் பகுதி அங்கேதான் குடியிருக்கிறது. அங்கே பொதுவில் வைக்கப்பட்ட நிரல்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட, நிரல் எழுத உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவியான கோபைலட், கட்டணச் சேவையாக விற்கப்படுகிறது. அந்த நிரல்களை எழுதியவர்கள் தங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்று உரிமத்தில் விதித்த நிபந்தனை அச்சேவையில் என்னவாகிறது என்ற கேள்வி, 2022-இல் வழக்காகவே தொடுக்கப்பட்டது. கிட்ஹப் தளத்தை இயக்கும் மூலநிரலோ இன்றுவரை திறக்கப்படவில்லை. இதையாவது கட்டுரை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்