சனிக்கிழமை மீன் வாங்கப் போகாதே

அன்புள்ள ஆத்தா,

வருகிற சனிக்கிழமை மீன் குஞ்சு வாங்கப் போவதாகப் போனில் சொன்னாய். போகாதே. மீனும் செடியும் சேர்த்து வளர்க்கத் தொட்டி வந்துவிட்டது, மீன் தண்ணீரைச் செடித் தொட்டிக்கு ஏற்றும் பம்பு ஓடுகிறது, செடி வேர் பிடிக்க ஜல்லி நிரப்பியாகிவிட்டது, அப்புறம் எதற்குக் காத்திருப்பது என்று உனக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பின்கட்டில் நான் போட்ட முதல் தொட்டியைப் பற்றி உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. 500 லிட்டர். செடித் தொட்டிக்குக் காசு கொடுத்து ஜல்லி வாங்குவானேன் என்று, இடிந்து கிடந்த கொட்டில் சுவரின் செங்கலை உடைத்துப் போட்டேன். தண்ணீர் நிரப்பிய மறுநாளே 30 ஜிலேபி மீன் குஞ்சு விட்டேன். ஐந்தாம் நாள் விடியற்காலையில் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இரண்டு நாளில் ஒன்றும் மிஞ்சவில்லை. முருங்கை அடியில் புதைத்தேன். அம்மா அன்று பின்கட்டுப் பக்கமே வரவில்லை.

செய்த தப்பு இரண்டு. மீன் செவுள் வழியாக விடுவதும், தின்றது போக அழுகும் தீனியும் தண்ணீரில் அம்மோனியாவாகிவிடும். அது விஷம். ஜல்லியில் ஒட்டி வாழும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். அதுவும் மீனுக்கு ஆகாது. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். செடிக்கு உரம் அதுதான். இவை பெருக நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நான் ஒரு நாள்தான் கொடுத்தேன்.

இரண்டாவது, அந்தச் செங்கலில் ஒட்டியிருந்த சுண்ணாம்புக் காரை. நம் வீட்டுச் சுவர் இத்தனை காலம் நிற்பது அந்தக் காரையால்தான். ஆனால் தண்ணீரில் அது கரைந்து, பிஎச் என்கிற அமில-கார அளவு 8-ஐத் தாண்டிவிட்டது. பிஎச் ஏற ஏற அதே அம்மோனியாவின் விஷம் கூடும். செடியும் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் கொழுந்து மஞ்சளாகும். நீ வாங்கிய ஜல்லியில் நாலு கல்லை எடுத்து வினிகர் விட்டுப் பார். நுரைத்தால் வேண்டாம், மாற்றிவிடு.

மாநகராட்சித் தண்ணீரை இரண்டு நாள் திறந்து வைத்துக் குளோரின் போன பிறகே தொட்டியில் விடு. பிறகு மீன் இல்லாமலே தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வா. பம்பை நிறுத்தாதே. தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு மருந்தில் பார்த்து வா, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு பூஜ்யத்துக்கு வந்து, நைட்ரேட் தெரிய ஆரம்பித்தால் தண்ணீர் பழகிவிட்டது என்று அர்த்தம். அப்போதும் ஐந்தாறு மீன் மட்டும் விடு. முதலில் கீரை, புதினா போதும், தக்காளிக்கு அவசரமில்லை. பூச்சி வந்தால் கையால் நசுக்கு. வேப்பெண்ணெய்கூட அடிக்காதே, மீனுக்கு ஆகாது.

இன்னொன்று, எனக்கு உறக்கம் வராத விஷயம். உன் தொட்டியின் 200 லிட்டர் தண்ணீர் 200 கிலோ. அதே அளவு ஜல்லி கிட்டத்தட்ட 300 கிலோ. அரை டன்னைப் பால்கனியில் வைக்கலாமா என்று கட்டட இன்ஜினியரைக் கேட்காமல் வைக்காதே. இங்கே தரை மண்மேல் இருக்கிறது, எனக்குக் கவலையில்லை. உனக்கு அப்படி இல்லை. கரண்ட் போனால் மீன் மூச்சுத் திணறும், பேட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்றும் வாங்கி வை.

என் இரண்டாவது தொட்டி நன்றாக இருக்கிறது. கருங்கல் ஜல்லி, மழை பெய்தால் வளவு முற்றத்து அண்டாவில் பிடித்த தண்ணீர். பொன்னாங்கண்ணி வாரம் இரண்டு தடவை அறுக்கிறோம், அம்மாவே போய் அறுக்கிறாள்.

அடுத்த வெள்ளி ராத்திரி பஸ் ஏறுகிறேன். என் தொட்டி ஜல்லியில் இரண்டு படி, ஈரம் காயாமல் சாக்கில் கட்டிக் கொண்டுவருகிறேன். உன் ஜல்லியோடு கலந்துவிட்டால் அந்த பாக்டீரியா அங்கேயும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அதுவரை தொட்டி மீன் இல்லாமலே இருக்கட்டும்.

அப்பச்சி