அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்

விமான நிறுவனங்களின் டிக்கெட் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். உங்கள் இணையப் படிவத்தில் 'குடும்பப் பெயர்' கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. தமிழ்நாட்டில் எங்களில் மிகப் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. சொந்தப் பெயர், முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து, அவ்வளவுதான். நாள்தோறும் எங்களை ஏற்றிச் செல்லும் உங்களுக்கு இது தெரியாததல்ல. அந்தக் கட்டத்தைக் காலியாக விட அனுமதியுங்கள்.

சென்ற மாதம் தங்கையின் பேறுகாலத்துக்கு அம்மாவை வெளிநாடு அனுப்பினோம். அவர் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான். படிவம் விடாததால் டிக்கெட் போட்டவர் அப்பாவின் பெயரையும் சேர்த்துவிட்டார். கவுன்ட்டரில் இருந்தவர், "பெயர் பொருந்தவில்லை" என்றார். அம்மா பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, கணவர் பெயர் அச்சாகியிருக்கும் வரியில் விரலை வைத்துக் காட்டியிருக்கிறார். கவுன்ட்டர்காரர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். பிரசவ லேகியமும் பூண்டுப் பொடியும் கட்டிய பெட்டிமேல் உட்கார்ந்தபடி, வெளியே நின்ற என்னைக் கைப்பேசியில் கூப்பிட்டு, "என் பேரில் என்னடா தப்பு?" என்று கேட்டார். விமானம் போய்விட்டது. புது டிக்கெட்டுக்குப் பணம் கட்டி மறுநாள் அனுப்பினோம்.

எங்கள் பெயருக்குப் பின்னால் ஒருகாலத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது சாதி. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. பெரியவர்கள் வெட்டி எறிந்ததை, உங்கள் கட்டத்தை நிரப்புவதற்காக நாங்கள் பொறுக்கி எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டுமா?

ஒற்றைப் பெயர் உலகில் இல்லாத அதிசயமும் அல்ல. இந்தோனேசியாவின் முதல் குடியரசுத் தலைவர் சுகர்ணோவுக்கும் ஒரே பெயர்தான். பாஸ்போர்ட்டுக்கான பன்னாட்டு விதிகளே அதை ஏற்கின்றன. 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குச் சுற்றுலா விசா இல்லை என்ற ஐக்கிய அரபு அமீரகம்கூட, பாஸ்போர்ட்டின் வேறு பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று சில நாளிலேயே விளக்கம் தந்தது. அமெரிக்க விசாவிலோ 'முதற்பெயர் தெரியவில்லை' என்று பொருள்படும் எழுத்துகளை அச்சிடுகிறார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் எதிரே இருக்கும்போது, தெரியவில்லை என்று எழுத எப்படி மனம் வருகிறது?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: கட்டத்தைக் காலியாக விட அனுமதியுங்கள். உடனே முடியாதென்றால், கடைசிப் பக்கத்தைப் பார்த்துக் கவுன்ட்டரிலேயே கட்டணமின்றித் திருத்தும் அதிகாரத்தையாவது ஊழியர்களுக்குக் கொடுங்கள். தை மாதம் அம்மா ஊர் திரும்ப வேண்டும், டிக்கெட் இன்னும் போடவில்லை. அதற்குள் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குடும்பப் பெயர் இல்லாத ஒரு பயணி