குதிக்காமல் காப்பாற்றுவது

நங்கநல்லூர், சென்னை

அன்புள்ள சேகருக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் மூட்டுவலி குறைந்திருக்கிறது. மார்கழி முழுக்க விடியலில் எழுந்து வாசலில் கோலம் போட்டுவிட்டுத்தான் காபியைத் தொடுகிறாள்.

உன் வீட்டுக்குப் பின்னால் உறைந்து கிடக்கும் குளத்தில் தீயணைப்புப் படையினர் பயிற்சி எடுத்ததைப் பற்றி நீ எழுதியதை அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். தண்ணீர் புகாத உடை, இடுப்பில் கயிறு, பனிமேல் எழுந்து நிற்காமல் குப்புறப் படுத்து ஊர்ந்துபோகும் அந்த ஆள், அவர் கையை உயர்த்திய பிறகே கயிற்றை இழுக்கும் கரைக்காரர்கள். உடலின் பாரம் பரவினால்தான் பனி தாங்கும் என்பது புரிகிறது. என் மனத்தில் நின்றது அந்தக் கயிறுதான். பழகியவர்களே அது இல்லாமல் இறங்குவதில்லை.

நம் நங்கநல்லூருக்குப் பக்கத்தில் இருக்கும் மூவரசம்பட்டு கோயில் குளம் உனக்கு நினைவிருக்கும். 2023 ஏப்ரல் 5, பங்குனி உத்திரத் தீர்த்தவாரியின்போது அங்கே ஐந்து இளைஞர்கள் மூழ்கி இறந்தார்கள். ஒருவர் தத்தளிக்க, காப்பாற்றப் போனவர்களும் கரையேறவில்லை. இன்றும் அந்தப் பக்கம் போனால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரையில் மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இரண்டு இளைஞர்களை மீட்டார்கள். எந்தப் பயிற்சியும் இல்லாமல் அந்த நொடியில் அவர்களுக்கு அது தோன்றியதே! குளம் பனியாக இருந்தாலும் பாசியாக இருந்தாலும், கைக்கு எட்டியதை நீட்டு, வீசு, சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடு, பின்னாலேயே தண்ணீரில் இறங்காதே. உன் பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல். பந்து போனாலும் நாய்க்குட்டி போனாலும் இதேதான்.

உன் வீட்டுக்குப் பின்னால் இருப்பது மழைநீர் தேங்க வெட்டிய குளம் என்கிறாய். அதனால்தான் என் பயம் கூடுகிறது. அடியில் நீர்மட்டம் ஏறி இறங்கும், சாலையில் தூவிய உப்பும் வந்து கலக்கும்; பனி ஒரே சீராக இறுகாது. நான்கு அங்குலம் தெளிந்த பனி இருந்தால்தான் ஓர் ஆள் நடக்கலாம் என்கிறார்கள். வெள்ளைப் பனிக்கு அதில் பாதி பலம்தான். உன் மாமனார், மாமியார் அடுத்த மாதம் வருகிறார்களே, முதல் நாளே எச்சரித்துவிடு. பனியை அறியாத நம்மவர்களுக்கு அது தரை போலத்தான் தெரியும். 2022 டிசம்பர் 26 அன்று அரிசோனாவில் உறைந்த ஏரிமேல் நடந்த மூன்று இந்தியர்கள் உள்ளே விழுந்து இறந்ததை மறந்திருக்க மாட்டாய்.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் கணக்கைப் படித்தேன். உறைநீரில் விழுந்தவருக்கு மூச்சை நிலைக்குக் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம்தான், குளிரில் நினைவு தப்ப 1 மணி நேரம். முதல் நிமிடத்தின் திணறலில்தான் பலர் தண்ணீரைக் குடித்துவிடுகிறார்கள். அதைத் தாண்டிவிட்டால், வந்த திசைக்கே திரும்பி, கால்களை உதைத்துப் பனிமேல் நெஞ்சை ஏற்றி, எழாமல் உருண்டு விலக வேண்டும். வந்த வழிப் பனி அதுவரை தாங்கியதுதானே.

அந்தப் பயிற்சியில் தீயணைப்புப் படையினர் கரையிலிருந்து வீசிய, கயிற்றை உள்ளே வைத்த மீட்புப் பையைப் பற்றி விவரமாக எழுது. கயிறு எத்தனை அடி, எவ்வளவு தடிமன், தண்ணீரில் மிதக்குமா? இங்கே தெருக்காரர்கள் சேர்ந்து குளத்துப் படிக்கட்டருகே ஒன்று மாட்டலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பங்குனிக்குள் வாங்கிவிட வேண்டும்.

அன்புடன்,
ராகவன்