காலணிச் சத்தம்

ஆசிரியருக்கு,

வணக்கம். பணியிடப் பாகுபாடு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். தீர்வு என்று அதில் பயிற்சி வகுப்புகளைத்தான் பெரிதாகச் சொல்லியிருந்தீர்கள். பல வருடம் நேர்காணல் குழுக்களில் உட்கார்ந்த எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. அப்படியொரு வகுப்பில் நாள் முழுக்கத் தலையாட்டிவிட்டு, மறுநாளே ஒருவரை “நம்ம டீமுக்கு ஒத்துவராது” என்று கழித்திருக்கிறேன். ஏன் என்று கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. யாரும் கேட்கவில்லை.

மனசு மாறுவது இருக்கட்டும், முதலில் தேர்வு முறையை மாற்றலாமே. 1970கள், 80களில் அமெரிக்க இசைக்குழுக்கள் பல, வாசிப்பவரைத் திரைக்குப் பின்னால் வைத்துத் தேர்வு நடத்தத் தொடங்கின. நடந்து வரும் காலணிச் சத்தத்திலேயே ஆணா பெண்ணா என்று ஊகித்துவிடலாம் என்பதால் சில இடங்களில் தரையில் கம்பளமும் விரித்தார்கள். ஐந்து பெரிய குழுக்களில் 1970இல் 5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த பெண்கள், 90களின் பிற்பகுதியில் கால்வாசியை எட்டினார்கள். திரை மட்டுமே காரணமில்லை, இசை படித்து வந்த பெண்களும் கூடியிருந்தார்கள். ஆனாலும் எனக்கு அந்தக் கம்பளத்தைப் பிடித்திருக்கிறது. தங்கள் காதையே முழுசாக நம்பாதவர்கள் விரித்தது அது.

‘நேர்காணல் குழுவில் ஒரு பெண்ணைச் சேர்த்தால் சரியாகிவிடும்’ என்பார்கள். 2012இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்க அறிவியல் பேராசிரியர்கள் 127 பேருக்கு ஒரே விண்ணப்பத்தைக் கொடுத்தார்கள். சிலருக்கு ஜான் என்ற பெயரில், மற்றவர்களுக்கு ஜெனிபர் என்ற பெயரில். ஜெனிபருக்கு மதிப்பீடும் குறைவு, தர முன்வந்த சம்பளமும் குறைவு. பெண் பேராசிரியர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

நேர்காணலில் திரை போட முடியாது, சரி. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்கலாம். ஒவ்வொருவரும் மதிப்பெண்ணை எழுதி வைத்த பிறகே கலந்து பேசலாம். இல்லாவிட்டால் மூத்த அதிகாரி வாயைத் திறந்ததுமே மற்றவர்களின் எண்கள் அவர் பக்கம் சாய்ந்துவிடும். நானும் சாய்ந்திருக்கிறேன்.

அப்புறம், வேலைக்கு எடுத்ததோடு விஷயம் முடிவதில்லை. உங்கள் கட்டுரையாளர் அடுத்து எழுதுவதற்கு முன், தம் அலுவலகக் கூட்டங்களில் யார் பேசுகிறார்கள், யார் குறிப்பெடுக்கிறார்கள் என்று ஒரு மாதம் எண்ணிப் பார்க்கட்டும். அந்தக் கணக்கைப் படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனிதவள அலுவலர் ஒருவர்