கூட்டமாக வாழும் ஆப்பிரிக்க சிக்லிட் மீன்களுக்குத் தாய் மீன் இருப்பும் பயிற்சியும் கோரி மனு

அனுப்புநர்
வீட்டில் வண்ண மீன் வளர்ப்பவர்,
கொளத்தூர், சென்னை.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை,
நந்தனம், சென்னை.

பொருள்: டாங்கனிக்கா ஏரி சிக்லிட் மீன்களை வீட்டளவில் இனப்பெருக்கம் செய்ய உதவி கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் சைப்ரிக்ரோமிஸ் லெப்டோசோமா என்ற சிக்லிட் குடும்ப மீனை வளர்த்துக் குஞ்சு எடுத்து வருகிறேன். கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் மட்டுமே இயற்கையாக வாழும் மீன் இது. கரையோரப் பாறைகளை ஒட்டி, தரையைத் தொடாமல் நடுநீரில் பெருங்கூட்டமாக நீந்தும். தனியாகவோ ஜோடியாகவோ வைத்தால் மிரண்டு, நிறம் மங்கிவிடும். பத்துப் பன்னிரண்டு மீன்களாவது சேர்ந்திருக்க வேண்டும். நாலடித் தொட்டியும் இறுக்கமான மூடியும் வேண்டும், ஏனென்றால் நன்றாகத் துள்ளும்.

இது முட்டையிடுவதைப் பார்த்தவர்கள் இதை விட மாட்டார்கள். பெண் மீன் நடுநீரில் முட்டையை விட்டு, அது கீழே இறங்குவதற்குள் திரும்பி வாயால் பிடித்துக்கொள்ளும். ஏறத்தாழ மூன்று வாரம் வாயிலேயே சுமக்கும். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து குஞ்சு கிடைத்தாலே அதிகம். ஆனால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தே வெளியே வருவதால், முட்டையிலிருந்து அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறாலை அன்றே தின்னும். சுமக்கும் நாட்களில் வலை போட்டுத் துரத்தினாலோ, முரட்டு மீன் விரட்டினாலோ தாய் முட்டைகளைத் துப்பிவிடும், சில சமயம் விழுங்கியும் விடும். ஆயிரக்கணக்கில் குஞ்சு எதிர்பார்க்கும் பண்ணைக்கு இது கட்டுப்படியாகாது. பொறுமையாகப் பார்த்துக்கொள்ளும் வீடுதான் இதற்குச் சரியான இடம்.

எங்களுக்குள்ள பெரிய இடையூறு, குஞ்சு எடுப்பதற்கான நல்ல தாய் மீன்கள் (ஆணும் பெண்ணும்) கிடைக்காததுதான். ‘ஆப்பிரிக்க சிக்லிட்’ என்ற ஒரே பெயரில் மலாவி என்ற வேறொரு ஆப்பிரிக்க ஏரியின் முரட்டு மீன்களையும் இவற்றையும் ஒரே தொட்டியில் போட்டு விற்கிறார்கள். ஏரியின் எந்தக் கரையிலிருந்து வந்த வகை என்பதும் தெரிவதில்லை. வெவ்வேறு கரை வகைகளைக் கலந்துவிட்டால் பிறகு பிரித்தெடுக்க வழியே இல்லை.

எனவே துறையின் வண்ண மீன் மையம் ஒன்றில், பிறப்பிடப் பெயரோடு பதிவு செய்த தாய் மீன்களைத் தனித்தனியாக வைத்து, வீட்டு வளர்ப்பாளர்களுக்குக் குறைந்த விலையில் குஞ்சு தர ஆவன செய்ய வேண்டுகிறேன். பயிற்சி வகுப்புகளில் கப்பி, மோலி, தங்க மீனோடு இவற்றையும் சேர்க்க வேண்டும். வளர்த்த மீனை ஏரி, குளத்தில் விடக்கூடாது என்பதையும் அங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். திலேப்பியாவும் சிக்லிட் குடும்பம்தான். அது நம் நீர்நிலைகளில் பரவியதை நாம் கண்ணால் பார்க்கிறோம்.

அப்புறம், தண்ணீர்ப் பரிசோதனை. இம்மீனுக்குத் தண்ணீரில் கடினத்தன்மையும் (சுண்ணாம்பு போன்ற தாதுக்கள்), 8.5-ஐ ஒட்டிய பிஎச் (அமில-காரத் தன்மை) அளவும் தேவை. சமையலுக்கு ஆகாத கடினமான போர் தண்ணீர் சில வீடுகளில் இதற்கு உதவலாம். ஆனால் கடல் உப்பு ஏறிய தண்ணீரும் கடினத் தண்ணீரும் ஒன்றல்ல. நாக்கில் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சிறு கட்டணத்தில் சோதித்துச் சொல்ல ஏற்பாடு வேண்டும்.

பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுப் புழக்கடை வண்ண மீன் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் செலவு மதிப்பிட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள், பட்டியலின, பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் வகுத்திருக்கிறார்கள். இத்தகைய அலகுகளில் இந்த மீனையும் வளர்க்க வழிகாட்டினால், வீட்டிலிருந்து வருமானம் தேடும் பெண்கள் பலருக்குப் பயன்படும்.

மையம் அமைந்தால் என்னிடம் பிறக்கும் குஞ்சுகளில் ஒரு பகுதியை விலையின்றித் தரவும், மீன்களை அதிகாரிகள் நேரில் வந்து பார்வையிடவும் சம்மதிக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வீட்டு வண்ண மீன் வளர்ப்பாளர்,
கொளத்தூர்.