ஜூலை 31-க்குள் பதிவுக் கட்டணம்: நம் ஊர் இளையோர் கபடிக் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

அருள்மிகு மாரியம்மன் துணை

ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், பிழைப்புக்காக ஓசூர், பெங்களூரு, திருப்பூர் என்று வெளியூரில் இருக்கும் அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகளுக்கும் குழுவின் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இந்த ஆண்டு போட்டிகளில் நம் பிள்ளைகள் இறங்க வேண்டுமானால் ஜூலை 31-க்குள் பெயர் பதிந்தாக வேண்டும். ஆட்டக்காரர் ஒருவருக்கு 150 ரூபாயாக இருந்த பதிவுக் கட்டணம் 350 ஆகிவிட்டது. குழுவுக்கான ஆண்டுப் புதுப்பிப்பு 2,500-இலிருந்து 5,000. போதாததற்கு, ஆளுக்கு 200 ரூபாய் விபத்துக் காப்பீடும் கட்டாயம். போன ஆண்டு 38 பிள்ளைகளுக்கு எல்லாம் சேர்த்து 8,200 ரூபாய் கட்டினோம். இந்த ஆண்டு பிள்ளைகள் 46 பேர். கட்ட வேண்டியது 30,300 ரூபாய். இன்று குழுவின் கையில் இருப்பது 13,750. இந்த முதல் படிக்கே 16,550 ரூபாய் குறைகிறது.

"பிள்ளைகளிடமே வாங்கிவிடலாமே, சந்தாவை ஆயிரம் ஆக்கினால் தீர்ந்தது" என்று கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் குழு அதற்கு ஒப்பவில்லை. ஆண்டுச் சந்தா 300 ரூபாய். 46 பேரில் 31 பேர்தான் கட்டியிருக்கிறார்கள். மீதி 15 வீடுகளும் எந்த வீடுகள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். செங்கல் சூளைக்குப் போகிற வீடு, மாங்கூழ் ஆலையில் சீசனுக்கு மட்டும் வேலை கிடைக்கிற வீடு, அப்பா பெங்களூரில் கட்டட வேலையிலும் பாட்டி பேரப்பிள்ளைகளோடும் இருக்கிற வீடு. சந்தாவை ஆயிரம் ஆக்கினால் மறுநாளே இந்தப் பிள்ளைகள் மந்தைக் களத்துக்கு ஆட வருவது நின்றுவிடும். காரணமும் சொல்ல மாட்டார்கள், "கால் வலிக்குதுண்ணா" என்பார்கள். நம்மிடம் நன்றாக ஆடுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த 15 வீட்டுப் பிள்ளைகள். ஆகவே சந்தா 300-லேயே நிற்கும். கட்ட முடியாதவர்களை யாரும் கேட்கப் போவதில்லை. குறைகிற பணத்தை ஊர்தான் போட வேண்டும். இதைக் கேட்கத்தான் இந்த வேண்டுகோள்.

"இந்த வருஷம் போனால் அடுத்த வருஷம்" என்பது கபடியில் நடக்காத காரியம். சப் ஜூனியர் பிரிவில் ஆட 16 வயதுக்குள் இருக்க வேண்டும்; எடைக்கும் வரம்பு உண்டு. இரண்டில் ஒன்று தாண்டினாலும் அந்தப் பிரிவு முடிந்தது. வளர்கிற பிள்ளைகள்; இப்போது வரம்புக்குள் இருப்பவர்கள் அடுத்த ஆடிக்கு அந்த எடையில் இருக்க மாட்டார்கள். நம் அணியில் 9 பிள்ளைகளுக்கு இதுதான் கடைசி ஆண்டு.

இளையவர்களுக்காக நம் குழுவின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. தென்பெண்ணை மணலில் சடுகுடு ஆடிய ஊர் இது. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை எழும்பிய காலத்தில், வேலைக்கு வந்த வெளியூர் ஆட்களும் நம் ஊர் ஆட்களும் பொழுது சாய்ந்ததும் ஆற்றில் கோடு கிழித்து ஆடுவார்களாம். காமராசர் 1957-இல் அணையைத் திறந்து வைத்த பிறகு வந்தவர்கள் போய்விட்டார்கள், ஆட்டம் இங்கேயே தங்கிவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அன்று நாம் சேலம் மாவட்டம். பெரிய ஆட்டம் என்றால் சேலம்தான் போக வேண்டும். 1965-இல் தருமபுரி மாவட்டம் வந்த பிறகு அணித் தேர்வுக்குத் தருமபுரி போனார்கள். முதல் பஸ் பிடிக்க ராத்திரியே கட்டுச்சோறோடு ரோட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டவர்கள் இன்றும் நம் நடுவில் இருக்கிறார்கள். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனதும் தேர்வு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. தூரம் குறையக் குறையச் செலவு மட்டும் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. அன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு அரைக்கால் டவுசரும் பஸ் காசும்தான். ஆனால் ஊர் அவர்களைக் கைவிட்டதில்லை. பண்டிகைக்கு வரி போடும்போதே ஆட்டக்காரர்களுக்கு என்று ஒரு பங்கு ஒதுக்கி வைத்த ஊர் இது. 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி முதல்முறையாகச் சேர்ந்து இந்தியா தங்கம் வாங்கியபோது, நம் மந்தையில் கேசரி கிண்டிக் கொடுத்தார்கள். அந்தப் பெருமை கெடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

சரி, இந்த ஆண்டு முழுச் செலவைச் சொல்லிவிடுகிறோம். பதிவும் காப்பீடும் மேலே சொன்ன 30,300. ஜெர்சியும் ஷார்ட்ஸும் ஒரு செட் 550 ரூபாய், 46 பேருக்கு 25,300. வேன் வாடகை ஒரு போட்டிக்கு 6,500. ஆறு போட்டிக்கு 39,000. ஓசூருக்கும் ஊத்தங்கரைக்கும் டவுன் பஸ்ஸில் மாறி மாறி அழைத்துப் போகலாமே என்று கேட்கிறவர்கள், ஆட்டம் முடிய ராத்திரி பத்தாகும் என்பதையும், கூட வருவதில் 18 பேர் பெண் பிள்ளைகள் என்பதையும் தயவுசெய்து நினைத்துப் பார்க்க வேண்டும். மந்தைக் களத்துக்குச் செம்மண் கொட்டி, சலித்து, தண்ணீர் விட்டுச் சமன் செய்ய 12,000. விளக்குக் கம்பத்துக்கு மின்கட்டணம், பல்பு என்று 14,000. போட்டிக்கு முந்தைய ஒரு மாத முகாமில் பிள்ளைக்குத் தினம் ஒரு முட்டை, அது 8,280.

பயிற்சியாளருக்கு மாதம் 4,000 வீதம் 48,000. அந்தத் தம்பி இதுவரை ஒரு ரூபாய் வாங்கியதில்லை, இப்போதும் அவராகக் கேட்கவில்லை. தினமும் நாலு மணிக்கே பட்டறையைப் பூட்டிவிட்டு வருகிறார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. இனியும் சும்மா வாங்கிக்கொண்டிருப்பது ஊருக்கு அழகில்லை என்று குழுவே முடிவு செய்தது.

ஷூவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் பழகுவது மண்ணில். மாவட்டப் போட்டி நடப்பது 'மேட்' என்கிற விரிப்பின் மேல். வெறுங்காலோடு அந்த மேட் மேல் ரைடு போய்த் திரும்பினால் பாதத் தோல் உரிந்துவிடும். போன ஆண்டு நம் பெண்கள் அணியில் 12 பேருக்கு 8 ஜோடி ஷூதான் இருந்தது. மாற்று ஆட்டக்காரி உள்ளே போக வேண்டுமென்றால், வெளியே வருகிற பிள்ளை கோட்டோரம் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் கொடுப்பாள். இவள் அதை மாட்டி, பெரிதாக இருந்தால் முன்பக்கம் துணியைத் திணித்துக்கொண்டு ஓடுவாள். நடுவர் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதிரணிப் பிள்ளைகள் சிரித்தார்கள். நம் பிள்ளைகள் அழவில்லை, பார்க்கப் போயிருந்த நாங்கள்தான் தலையைக் குனிந்துகொண்டோம். ஷூ இல்லாத 24 பேருக்கு ஜோடி 900 வீதம் 21,600 ரூபாய் வேண்டும்.

எல்லாம் கூட்டினால் 1,98,480 ரூபாய். கையிருப்புப் போக நமக்கு வேண்டியது 1,84,730.

"அரசாங்கம் கொடுக்கிறதே" என்று கேட்கலாம். கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு ஊராட்சிகளுக்கு வந்தது, நல்ல திட்டம், அதில் வந்த பந்துகளைச் சின்னப் பிள்ளைகள் தினமும் எடுத்து ஆடுகிறார்கள். ஆனால் பதிவுக் கட்டணமும் வேன் வாடகையும் அந்தப் பெட்டியில் வராது. அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை கொடுத்தவர்களை மறந்தால் அம்மன் மன்னிக்க மாட்டாள். களத்துக்கு நாலு விளக்குக் கம்பமும் நட்டுக் கொடுத்து, கல்வெட்டில் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்ட கிரானைட் தொழில் செய்கிற அண்ணனுக்கு நன்றி. ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் ஊர்த் தம்பிகள் ஏழு பேர், மாதம் பிறந்தால் ஆளுக்கு 200 ரூபாய் போட்டுவிடுகிறார்கள். ஷிப்ட் குறைந்த மாதத்திலும் நிறுத்தியதில்லை. மகளிர் சுய உதவிக் குழு அக்காமார்கள் தங்கள் வட்டிப் பணத்திலிருந்து 5,000 எடுத்துக் கொடுத்தார்கள். டீக்கடை அண்ணன் முகாம் நாட்களில் பால் கணக்கே எழுதுவதில்லை. ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியர் ஐயா, தம் பென்ஷனில் வாங்கிய கிரேப் பேண்டேஜும் முட்டிக் கவசமும் இன்றுவரை பிள்ளைகளைக் காக்கின்றன. கோவில் கமிட்டியார் பாத்திரம், ஜமுக்காளம், மைக் எதற்கும் வாடகை கேட்டதில்லை. தைரியமாகப் பெண் பிள்ளைகளை அனுப்பி வைத்த தாய்மார்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

அப்புறம், ஸ்கூல் முக்கில் கம்பங்கூழ் விற்கும் பாட்டி. போன பண்டிகையின்போது ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து குழுவின் மேசைமேல் கவிழ்த்தார். எல்லாம் பத்து ரூபாய் நாணயம். கடையில் வாங்க மாட்டேன் என்கிறார்களே என்று சேர்த்து வைத்தது, 640 ரூபாய் இருந்தது. "செல்லுமா சாமி?" என்று கேட்டார். செல்லும் பாட்டி, நீங்கள் கொடுத்ததுதான் எல்லாவற்றிலும் நன்றாகச் செல்லும் என்று எங்கள் பொருளாளர் அதை இரண்டு முறை எண்ணி, ரசீது போட்டுக் கொடுத்தார்.

மாந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர்கள் ஆண்டுதோறும் லோடுக்கு இவ்வளவு என்று ஒதுக்கி வந்தார்கள். 2025-இல் பெங்களூரா மாங்காய் விலை விழுந்த வீழ்ச்சியில் பறிகூலிக்கே பலருக்குக் கட்டவில்லை. அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. இந்த முறை முடிந்ததைக் கொடுங்கள், போதும்.

ஆனால் முடிந்தும் கொடுக்காதவர்களிடம் கொஞ்சம் உரிமையோடு பேச வேண்டியிருக்கிறது. எருது விடும் விழாவுக்குப் பிளெக்ஸ் வைக்க ஒரே வாரத்தில் பணம் சேர்ந்தது. பண்டிகைக்கு ஆர்கெஸ்ட்ரா வைத்தோம், வாணவேடிக்கை விட்டோம். அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மனுக்குச் செய்வது செய்யத்தான் வேண்டும். அதே அம்மன் வாசலில் விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் இந்தப் பிள்ளைகளும் களத்தில் இறங்குகிறார்கள். அவர்களுக்குச் செய்வதும் அவளுக்குச் செய்வதுதான்.

இந்த மந்தையில் ஆடி, விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீசுக்கும் அரசு வேலைக்கும் போன தம்பிகளே, உங்களுக்குக் கார்னர் பிடிக்கவும் போனஸ் கோட்டைத் தொடவும் சொல்லிக் கொடுத்தவர்கள் உங்களிடம் கூலி கேட்கவில்லை. அரசு வேலையில் விளையாட்டுக்கு இன்று 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அந்தக் கதவு உங்களுக்குத் திறந்தது போல இந்தப் பிள்ளைகளுக்கும் திறக்க வேண்டாமா? ஒரு நாள் சம்பளம் கொடுங்கள். மூன்று வருடமாக "அப்புறம் பார்க்கலாம்ணா" என்று சொல்லி வருகிறவர்கள், இந்த வருடம் பார்த்துவிடுங்கள்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்தியப் பெண்கள் அணியில், சென்னை கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். அந்த வீடியோவை அம்மாவின் போனில் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு நம் ஊரில் ஏழு பெண் பிள்ளைகள் புதிதாக வந்து சேர்ந்தார்கள். அவர்களிடம் போய், "பதிவுக்குக் காசு இல்லை பாப்பா, வீட்டுக்குப் போ" என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தைரியம் இல்லை.

வீட்டுக்கு 500 ரூபாய் என்று குழு உத்தேசமாக வைத்திருக்கிறது. கட்டாயம் இல்லை, நூறும் வாங்குவோம், ஆயிரமும் வாங்குவோம். ஒரு பிள்ளையின் பதிவும் காப்பீடும் 550, ஷூ 900, ஒரு போட்டிக்கு வேன் 6,500 என்று ஏதாவது ஒன்றை முழுதாக ஏற்றுக்கொள்கிறவர்கள் பொருளாளரிடம் சொல்லிவிடுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் வீட்டார் மூலம் கொடுத்தனுப்பலாம், ஜிபேயும் செய்யலாம். கியூஆர் அட்டை டீக்கடையிலும் கோவில் மண்டபத்திலும் ஒட்டியிருக்கிறது. குழுவின் வங்கிக் கணக்கைத் தவிர யார் சொந்த நம்பருக்கும் அனுப்ப வேண்டாம். ரசீது வாங்காமல் யாரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். நம் குழு முறையாகப் பதிவு செய்த சங்கம்தான் என்றாலும், நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி விலக்கு நம்மிடம் இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை முடிந்ததும் அதே இடத்தில் வரவு செலவைப் பைசா பாக்கி இல்லாமல் வாசிப்போம். யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு வடக்குத் தெருவிலிருந்து வசூலுக்குப் புறப்படுகிறோம். பிள்ளைகளும் கூட வருவார்கள். தோப்புக்குப் போகிறவர்கள் வீட்டில் யாரிடமாவது சொல்லி வைத்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் குழு உறுப்பினர்கள்,
இளையோர் கபடிக் குழு,
காவேரிப்பட்டணம் ஒன்றியம், கிருஷ்ணகிரி மாவட்டம்